ஈறு நோய்க்கு எதிர்ப்பொருள் மருந்து

ஈறில் சீழ் வைத்து, பல் ஆட்டம் கண்டவர்களுக்காக எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) ஆன ஒரு புது வகை மருந்து ஆய்வில் இருக்கிறது. ஆன்டிபயாடிக் வாயிலுள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்தே அழிக்கும். எதிர்ப்பொருள் மருந்தோ போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற ஒரு கிருமியை, அது ஈறின் புரதங்களைச் சிதைக்கப் பயன்படுத்தும் நொதிகளைக்கூட, தனியே குறிவைக்கும். ஆனாலும் சென்னை மணலியில் இதைக் கேட்பவர் அந்த மருந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது என் கட்சி.

அதற்குச் சான்று அந்த ஆய்வுகளிலேயே இருக்கிறது. 1996-இல் வெளியான லண்டன் ஆய்வில், பல்லின் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உண்டான பைகளுக்குள் எதிர்ப்பொருளை இட்டார்கள். கிருமி மறுபடி அங்கே குடியேறுவது 9 மாதம் வரை தடைப்பட்டது. 2007-இல் ஜப்பானியர்கள் செய்த சிறிய சோதனையிலும் சுத்தம்தான் முதலில். அந்த நொதிகளுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கோழிமுட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுத்தார்கள் என்பது சுவையான செய்தி. விலை குறைய அதுவே ஒரு வழியாகலாம். ஆனால் பல்லில் கல்லாக இறுகிய காரையை எந்த எதிர்ப்பொருளும் கரைக்காது. அதன்மேல் படலமாகக் கூடி வாழும் கிருமிகளும் ஒரே இனமல்ல.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியே வீணா? இல்லை. சுத்தம் செய்த பையில் கிருமி திரும்ப வருவதுதான் மருத்துவர்களின் தீராத தலைவலி. அங்கே இது உதவக்கூடும். "கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்" என்ற பயம்தான் சிகிச்சைக்கு இதைவிடப் பெரிய தடை. எலும்பு கரைந்து முன்பே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவருகிறது, அவ்வளவுதான். வீக்கம் வடிந்தால் பல் பெரும்பாலும் இறுகவே செய்யும்.

"எனக்கு ரத்தமே வருவதில்லையே" என்பார்கள் சிலர். இரவு ஷிப்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டம் குறைந்து கசிவு மறைந்துபோகும். உள்ளே எலும்பு கரைவது நிற்காது. ஆலையில் ஷிப்ட், லாரியில் இரவு ஓட்டம் என்று இருப்பவருக்கு சிகிச்சைக்காக ஒரு நாள் விடுப்பு எடுப்பது சுலபமில்லைதான். ஆனால் அதன் பலன் வாயோடு நிற்பதில்லை: சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.4 சதவீதப் புள்ளி வரை இறங்குவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. கோட்டை ரயில் நிலையம் அருகே 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இந்தச் சிகிச்சை இன்றே கிடைக்கிறது.