எலியின் சாட்சியமும் மனிதரின் மருந்தும்



நான் வைத்தியன் அல்லன். கலைப் பட்டம் பெற்று, நெடுங்காலம் வரலாறு கற்பித்து, இப்பொழுது ஓர் அரசினர் பாடசாலையில் அதிபராக இருப்பவன். மருந்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாகச் சலரோகம். வைத்தியர் கொடுத்த குளிசை சதையியைக் கெடுத்துவிடும் என்றும், எலிகளிற் சோதித்தபோதே அது தெரிந்துவிட்டது என்றும் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் எவரையும் கேளாமற் குளிசையை நிறுத்திவிட்டார். சில மாதங்கள் சென்றபின், காலிற் பட்ட சிறு காயம் ஆறாமல் வைத்தியசாலையிற் கிடந்தார். அவரைப் பார்த்துத் திரும்பிய அன்றிரவே, அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை உண்டு என்று தேடத் தொடங்கினேன். தேடிக் கண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் உறுப்பு. அதற்குத் தொழில் இரண்டு. உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களைக் குடலுக்குள் ஊற்றுவது ஒன்று. குருதியிலுள்ள சீனியை ஆளும் இன்சுலினைச் சுரப்பது மற்றொன்று. செரிக்க வைக்கும் நொதியங்கள் குடலைச் சேருமுன்னர்ச் சதையிக்குள்ளேயே வேலை தொடங்கிவிட்டால், அவ்வுறுப்புத் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். இதனையே சதையி அழற்சி என்பர். உயிருக்கே அபாயம் விளைக்கக்கூடிய நோய் இது.

சலரோகத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி விலங்குகள் தந்த அறிவு. 1889ஆம் ஆண்டில் ஸ்ராஸ்பேர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வொன் மேறிங் என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர். அந்த நாய்க்குச் சலரோகம் வந்தது. நோயின் இருப்பிடம் எது என்பது அன்றுதான் புலனாயிற்று. 1921இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் நாய்களிலேயே தம் சாற்றைச் சோதித்தனர். 1922 சனவரி 11ஆம் நாள், 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அச்சாறு முதன்முதலாக ஏற்றப்பட்டது. நாய்க்கு நன்மை செய்த அந்தச் சாறு சிறுவனுக்கு ஊசி போட்ட இடத்திற் சீழ்க்கட்டியை உண்டாக்கிற்று. கொலிப் என்பவர் அதனை மேலும் தூய்மையாக்கிய பின்னர், அம்மாதம் 23ஆம் நாள் மீண்டும் ஏற்றியபோதே அவன் தேறினான். விலங்கு வழியைக் காட்டும். ஆனால் வழி முழுவதையும் நமக்காக நடந்து முடிக்காது. இந்தப் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

இனி நம் காலத்து மருந்துகளுக்கு வருவோம். நாம் உண்ட உணவு குடலைச் சேர்ந்ததும், குடல் ஒரு வகை ஓமோனைச் சுரந்து, இன்சுலினை விடுக்கும்படி சதையிக்குச் செய்தி அனுப்புகிறது. சில நிமிடங்களுக்குள் ஒரு நொதியம் அந்த ஓமோனை அழித்துவிடுகிறது. வட அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கீலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில், அவ்வோமோனைப் போன்றதும் எளிதில் அழியாததுமான ஒரு பொருள் இருப்பதை ஜோன் எங் என்னும் அமெரிக்க வைத்தியர் கண்டார். அதன் வழிவந்த எக்செனரைட் என்னும் ஊசிமருந்து 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஓமோனை அழிக்கும் நொதியத்தைத் தடுக்கின்ற சிற்றாகிளிப்ரின் என்னும் குளிசை 2006இல் வந்தது.

ஐயம் எழ நெடுங்காலம் ஆகவில்லை. எக்செனரைட் எடுத்தவர்களில் 30 பேருக்குச் சதையி அழற்சி ஏற்பட்டதாக வந்த முறைப்பாடுகளை முன்வைத்து, 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் வைத்தியர்களை எச்சரித்தது. சலரோகிகளுக்கு இந்த அழற்சி மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவது முன்னரே அறிந்த செய்தி. ஆகவே குற்றவாளி மருந்தா நோயா என்பது கேள்வியாயிற்று. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சலரோகம் வரும்படி மரபணு மாற்றப்பட்ட 40 எலிகளை நான்கு கூட்டமாகப் பிரித்து 12 கிழமைகள் மருந்து கொடுத்துப் பார்த்தனர். சிற்றாகிளிப்ரின் பெற்ற எலிகளிற் சதையிக் கான்களின் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகின. ஓர் எலிக்கு அழற்சியும் வந்தது. மெற்போமின் என்னும் பழைய மருந்தையும் சேர்த்துக் கொடுத்த எலிகளில் இக்கேடு தணிந்திருந்தது. என் நண்பரின் செவிக்கு எட்டிய செய்தியின் வேர் இதுவாகவே இருக்க வேண்டும். பேச்சு வாய்மாறி வரும்போது அந்த ஓர் எலி எல்லா எலிகளும் ஆகிவிட்டது. பிற்பாதியோ வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அரசாங்கங்கள் வாளாவிருக்கவில்லை. அமெரிக்க நிருவாகமும் ஐரோப்பிய மருந்து முகவரகமும் தனித்தனியே ஆராய்ந்து, முடிவை 2014இற் சேர்ந்து வெளியிட்டன. அமெரிக்கர் மட்டும் 250க்கும் மேற்பட்ட நச்சியல் ஆய்வுகளை மீண்டும் புரட்டினர். அவற்றில் இடம்பெற்ற விலங்குகள் ஏறத்தாழ 18,000. மனிதருக்குக் கொடுப்பதைவிட மிகக் கூடிய அளவில், எலிகளின் ஆயுட்காலமாகிய இரண்டு ஆண்டு வரை கொடுத்தும், மருந்தினாற் சதையியிற் கட்டி தோன்றவில்லை, அழற்சியும் காணப்படவில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. அவை நோயற்ற விலங்குகள். மருந்தை உண்பவரோ நோயாளிகள். இந்தக் குறையை உணர்ந்தே, சலரோகம் உள்ள எலிகளில் மூன்று மாதச் சோதனை நடத்துமாறு மருந்துக் கம்பனிகளுக்குக் கட்டளையிட்டனர். கம்பனியார் சொல்லை மட்டும் நம்பிவிடாமல், ஓர் ஆய்வைச் சேர்ந்த சுமார் 120 இழையத் தகடுகளைத் தம் நிபுணரைக் கொண்டே பார்வையிட்டனர். கேடு தென்படவில்லை. நிருவாகம் தானே நடத்திய சோதனைகளுள் ஒன்றில் மட்டும், கொழுப்புணவு ஊட்டிய சுண்டெலிகளின் சதையியில் ஏற்கெனவே இருந்த மாற்றங்கள் எக்செனரைட்டினால் ஓரளவு மிகுந்தன. அதனையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். மருந்தே காரணம் என்னும் கூற்றைக் கிடைத்த சான்றுகள் ஆதரிக்கவில்லை. எனினும் மேலும் சான்று வரும்வரை ஐயத்தைக் கைவிட முடியாது என்பதே அவர்கள் முடிபு.

பின்னர் மனிதரே சாட்சி கூறினர். குளிசை வகை மருந்துகளைப் பற்றி 2013இலும் 2015இலும் வெளியான மூன்று பெரும் ஆய்வுகளிற் பங்குபற்றியோர் 36,543 பேர். மருந்து பெற்றோரில் 57 பேருக்கும், வெறுங்குளிசை பெற்றோரில் 36 பேருக்கும் அழற்சி வந்தது. கணக்குப் பார்த்தால், ஆயிரம் பேருக்கு ஒருவர் அளவான வேறுபாடு. ஊசிமருந்தாகிய லிரக்குளுரைட்டை 9,340 பேரில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டபோது, மருந்து பெற்றோர் பக்கம் 18, மற்றப் பக்கம் 23. பதினெண்ணாயிரம் விலங்குகள் காட்டாத சிறிய வேறுபாடு, பல்லாயிரம் மனிதரை ஆண்டுக்கணக்காகக் கவனித்த பின்னரே கண்ணிற் பட்டது. அது மிகச் சிறிது. ஆயினும் இல்லையென்று தள்ளத்தக்கதன்று. ஆகவேதான் இம்மருந்துகளோடு வரும் துண்டுப் பத்திரத்தில் எச்சரிக்கை இன்றும் நிலைத்திருக்கிறது.

வரலாற்று மாணவருக்கு நான் சொல்வது ஒன்று உண்டு: ஒரு சாட்சி என்ன சொன்னான் என்பதோடு, அவனிடம் என்ன கேட்கப்பட்டது என்பதையும் பாருங்கள். நோயற்ற எலியிடம் கேட்டால் நோயற்ற எலியைப் பற்றியே அது சொல்லும். அதன் சாட்சியம் இன்றி எந்த மருந்தையும் மனிதருக்குக் கொடுக்கத் துணியலாகாது. அதுவே இறுதித் தீர்ப்பென்று உறங்கிவிடவும் ஆகாது. இறுதிச் சாட்சி, மருந்தை உண்ணும் நீங்களே.

ஆதலால் நேயர்களே, இரண்டு வேண்டுகோள். கேள்விப்பட்ட பேச்சை நம்பி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடங்காத சீனி செய்யும் கேடு உறுதியானது. அதுபோலவே, மேல்வயிற்றிற் கடுமையான நோவு எழுந்து முதுகுவரை பரவி, வாந்தியும் சேர்ந்து, தணியாது நின்றால், வாய்வு என்று சொல்லிப் பொறுத்துக் கிடவாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முன்னர்ச் சதையி அழற்சியோ பித்தக்கல்லோ இருந்ததாயின், மருந்து தொடங்குமுன்னரே வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

என் நண்பர் இப்பொழுது பாடசாலைக்கு வருகிறார். சற்று நொண்டி நடக்கிறார். குளிசையைப் பற்றி ஐயம் வந்தால் வைத்தியரிடமே கேட்கிறார். அந்தக் கேள்வியை முன்னரே கேட்டிருக்கலாமே என்பது அவருக்கு மட்டுமன்று, அவரோடு நாள்தோறும் பழகியும் ஒரு வார்த்தை விசாரியாதிருந்த எனக்கும் வருத்தமே.