அலைந்து திரிவன



இலக்கியப் பேச்சில் நண்டுக் குஞ்சுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். நெய்தற் பாட்டுகளைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருபவன் நான். கண்டல், தாழை, தில்லை, ஈரமணலில் ஓடும் அலவன் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் சொல்லிக்கொண்டு போவேன். அலவன் என்றால் நண்டு. "அந்த நண்டு எங்கே பிறந்தது சேர்?" என்று ஒரு மாணவி கேட்டபோது விழித்தேன்.

உயிரியல் ஆசிரியரிடம் போனேன். அவர் விடை சொல்லவில்லை. ஓர் இரவு என்னைத் தோணியில் ஏற்றி, மட்டக்களப்பு வாவியிலே முகத்துவாரத்துக்கு அண்மையிலுள்ள கண்டற் கரைக்குக் கூட்டிச் சென்றார். மெல்லிய துணியிலே தைத்த கூம்பு வலையொன்றைச் சற்று நேரம் நீரில் இழுத்தார். அதன் அடியிற் கட்டியிருந்த போத்தலைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்திற் காட்டினார். கலங்கல் நீர் என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் தூசெல்லாம் துள்ளுகிறது! வெளிச்சம் பட்ட பக்கமாகத் திரள்கிறது.

இவைதாம் விலங்குப் பிளாந்தன்கள். பிளாந்தன் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அலைந்து திரிவது என்று பொருள். 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜேர்மனிய அறிஞர் இட்ட பெயர். ஒரு மில்லிமீற்றர் அளவேயான கோப்பிபொட்டுகள் ஆயுள் முழுவதும் இப்படி அலைகின்றன. நண்டு, இறால் குஞ்சுகளோ சில வாரங்கள் மட்டும் அலைந்துவிட்டுக் கண்டல் வேர்களிடையே குடியேறுகின்றன. சேற்று நண்டுத் தாய் முட்டையோடு கடலுக்குப் போகிறது. குஞ்சுகள் திரும்பி வரவேண்டும். நீந்தி வர வலு ஏது? பல இனக் குஞ்சுகள், பெருக்கு உள்ளே வரும்போது மேலெழுந்து அதனோடு வருகின்றன. வற்றும்போது ஓட்டம் குறைந்த அடிநீரிற் பதுங்கிக்கொள்கின்றன. உயிரை ஆற்றோடு போகும் தெப்பமாகக் கண்ட கணியன் பூங்குன்றனாரின் பாட்டை நடத்தும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தக் குஞ்சு நினைவுக்கு வருகிறது. தெப்பந்தான், ஆனால் எந்த ஓட்டத்தில் ஏறுவது என்று தெரிந்த தெப்பம்.

கண்டல் இலை உதிர்கிறது. பற்றீரியாவும் பங்கசும் அதைச் சிதைக்கின்றன. அந்தத் துகளையும் நுண்ணுயிரையும் கோப்பிபொட் தின்ன, கோப்பிபொட்டை மீன்குஞ்சு தின்கிறது. நாமும் இந்த வரிசைக்கு வெளியே இல்லை. கூனிச் சம்பலை விரும்பிச் சாப்பிடுகிறோமே, அந்தக் கூனியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மாரி வெள்ளத்தில் வயல்கள் அழியாதிருக்க முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டித் திறப்பது இங்கே வழக்கம். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் வலைகாரருக்கும் மனத்தாங்கல் வருவதுண்டு. வெட்டவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வயலும் சோறுதான். ஆனால் வாவியின் உவர்ப்பு ஏறுவதும் இறங்குவதும், கடற் குஞ்சுகளுக்குக் கதவு திறப்பதும் அந்த நாளைப் பொறுத்தவை. முடிவெடுக்கும் கூட்டத்திலே அவற்றுக்கு ஒரு நாற்காலி இல்லை.

போர்க்காலத்தில் பாதுகாப்பின் பெயரால் வீதியோரக் கண்டல்கள் வெட்டப்பட்டதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். புத்தளத்திலோ இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்கள் அழிந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளையும் தாக்கியது. பின்னாளிலே பல குளங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. நாட்டின் கண்டற் காடுகள் அனைத்தையும் காப்பதாக 2015இல் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆயினும் கன்று நாட்டிப் படம் பிடிப்பது இலகு. நீர் வந்துபோகும் ஓடை அடைபட்டிருந்தால் கன்று தழைத்தாலும் குஞ்சு வராது. மரத்தை எண்ணிக் கணக்குக் காட்டுகிறவர்கள் ஒரு துணி வலையை இழுத்தும் பார்க்கலாம்.

அன்றிரவு போத்தலை இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஆசை. நண்பர் விடவில்லை. "வற்றுத் தொடங்க முந்தி விட்டிரவேணும் சேர்" என்று சொல்லி, வேர்களுக்கிடையே போத்தலை மெல்லச் சரித்தார்.