தேவாரத்துக்காரன் கேட்ட ராக்

(நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன் பண்ணி, "ஏலக்காய் வியாபாரத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். ஏலக்காயைப் பற்றிப் பேசினால், விலை ஏறுமா இறங்குமா என்றுதான் எல்லோரும் கேட்பீர்கள். அது எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் பேங்கில் கடன் வாங்கப் போகிறேன்? அதனால் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேனே என்று கேட்டேன். "என்னது?" என்றார். "ராக் இசை" என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை.

என் சொந்த ஊர் தேவாரம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே பதிகம் பாடச் சொல்கிறவர்கள் உண்டு. போடிக்குத் தெற்கே, மேற்கு மலைக்கு அடியில் இருக்கிற ஊர். காலையில் கதவைத் திறந்தால் மலைதான் நிற்கும். அந்த மலைக்கு மேலே ஏலத்தோட்டம். சாக்கலூத்து மெட்டு வழியாக நடந்தே ஏறி வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பாட்டு என்றால் எங்களுக்குக் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் கட்டுகிற குழாய் ரேடியோதான். வேறு ஒன்றும் நான் கேட்டதில்லை.

1983-ல் இங்கே மதுரையில் வந்து சேர்ந்தேன். ஹாஸ்டலில் இரண்டாம் மாடியில் ஒரு சீனியர் இருந்தார். அவரிடம் டபுள் டெக் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஒரு நாள் ராத்திரி அவர் அறையைத் தாண்டிப் போகும்போது கேட்டதுதான் டீப் பர்ப்பிள். வாசலிலேயே நின்று விட்டேன். "உள்ள வாடா" என்றார். அன்றைக்கு உள்ளே போனவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

இப்போது என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் வரலாம்.

எனக்கு முதல் இடம் டீப் பர்ப்பிளுக்குத்தான். ஜான் லார்டின் ஆர்கனும் ரிச்சி பிளாக்மோரின் கிடாரும் ஒன்றை ஒன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற விதம், நம் ஊரில் நாதஸ்வரமும் தவிலும் போட்டி போடுவது மாதிரி. அவர்களுடைய 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டை எல்லோருக்கும் தெரியும். 1971 டிசம்பர் 4-ம் தேதி, சுவிட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஊரில், ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி நடந்து கொண்டிருக்கும்போது அந்தக் கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர்கள் ஏரி மேலே புகை படர்வதைப் பார்த்து, அதையே பாட்டாக்கினார்கள். 1972-ல் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் வந்தது. ஆனாலும் என் கட்சி, ஸ்டூடியோப் பதிவை விட மேடைப் பதிவுதான் உயர்ந்தது என்பது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவான 'மேட் இன் ஜப்பான்' இருக்கிறதே, அதற்கு மேல் ஒரு மேடைப் பதிவை நான் கேட்டதில்லை.

அடுத்தது பிளாக் சப்பாத். இவர்கள் பர்மிங்ஹாம் தொழிலாளர் வீட்டுப் பையன்கள். கிடார் வாசித்த டோனி அயோமிக்கு 17 வயதில், தகரப் பட்டறை வேலையில் கடைசி நாள் அன்று, மெஷினில் சிக்கி இரண்டு விரல்களின் நுனி போய் விட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக் கொண்டார். அந்த விரலால் அழுத்த முடியவில்லை என்று, போகப் போக கம்பியைத் தளர்த்திக் கட்டினார். சுருதி இறங்கியது, சத்தம் கனத்தது. ஹெவி மெட்டல் என்று இன்றைக்கு உலகம் சொல்கிற சத்தத்தில் பாதி அந்தக் காயத்தில் இருந்து வந்ததுதான். 2025 ஜூலை 5-ம் தேதி அதே பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி செய்தார்கள். பதினேழாம் நாள் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார். அன்றைக்கு நான் கடையைச் சீக்கிரம் அடைத்து விட்டேன். காரணம் கேட்ட கணக்குப்பிள்ளைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மூன்றாவது பிங்க் ஃபிளாய்ட். 1973-ல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 43 நிமிஷம். 90 நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கி விடும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஆல்பம் என்றால் முழுசாகக் கேட்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லித் தந்ததே அந்தக் கேசட்தான். அதில் ஓர் இடத்தில் கிளேர் டோரி என்ற பெண், ஒரு சொல் கூட இல்லாமல் குரலை மட்டும் விட்டு அழுகிற மாதிரிப் பாடுவார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 30 பவுண்டு. வழக்குப் போட்டு 2005-ல் சமரசம் ஆன பிறகுதான், பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சேர்த்தார்கள். இந்த அம்மாள் குரலை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

லெட் செப்பலின் எங்கே என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. நாலாவது இடம்தான். அவர்களுடைய நாலாவது ஆல்பம் பிரமாதம், ஒப்புக் கொள்கிறேன். மேடையில் சில சமயம் நீட்டி முழக்கி விடுவார்கள். நம் பொருளாளர் வரவு செலவு வாசிப்பது மாதிரி.

இதுவரை பெருமை. இனிமேல் பேசுவது பெருமை இல்லை.

எனக்கு ஓர் அறைத்தோழன் இருந்தான். கோம்பைக்காரன். பெயரைச் சொல்லக் கூடாது என்று நேற்றே வாக்கு வாங்கி விட்டான். மரியாதைக்கு 'அவர்' என்று சொன்னால் அவனே சிரிப்பான், அதனால் அவன் என்றே சொல்கிறேன். அவன் இளையராஜா ரசிகன். 'மூடுபனி' படத்தில் யேசுதாஸ் பாடிய கிடார் பாட்டை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போடுவான். எனக்கு எரிச்சலாக வரும். ஆங்கிலம் ஒழுங்காகப் பேசவராத நான், டீப் பர்ப்பிள் கேட்டதால் ஏதோ மலை உச்சிக்குப் போய் விட்டதாக நினைப்பு. "பண்ணைப்புரத்து ஆளு, நம்ம அடுத்த ஊரு. அங்கிருந்து என்னடா பெருசா வந்துரப் போகுது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன். அவன் பதில் பேச மாட்டான்.

1984 கடைசியில், மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் இருந்து 'மேட் இன் ஜப்பான்' ஒரே ஒரு ராத்திரிக்குக் கைமாற்றாக வந்தது. விடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னிடம் காலிக் கேசட் இல்லை. கடையும் அடைத்தாச்சு. அவன் ஊருக்குப் போயிருந்தான். அவனுடைய தகரப் பெட்டியில் ஒரு 90 கேசட் இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. மேலே பதிய முடியாதபடி பின்பக்கத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து விடுவார்களே, அதுவும் உடைக்கவில்லை. காலிக் கேசட் என்று முடிவு செய்தேன். ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சீனியர் அறைக்குப் போய்ப் பதிவு செய்து விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போடி ரயிலில் வந்து இறங்கினான். கேசட்டைத் தேடினான். நான் பெருமையாக எடுத்துக் கொடுத்து, "மாப்ளே, பொக்கிஷம்டா" என்றேன். போட்டுக் கேட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகி விட்டது.

அதில் இருந்தது அவனுடைய அப்பத்தா குரல். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். வேலைப் பாட்டும் ஒப்பாரியும் பாடுவாராம். 1982-ல் வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவின் டேப்பில் இவன் உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிந்திருக்கிறான். மறு வருஷம் அப்பத்தா இறந்து விட்டார். வேறு பிரதி கிடையாது.

அவன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கேசட்டை வெளியே எடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டினான். பல மாதம் பேசவில்லை. நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு" என்பான். அந்த "சரி விடு" இருக்கிறதே, அதற்கு அடியே மேல்.

1986-ல் பரீட்சை முடிகிற சமயம், அவனாகவே ஒரு கேசட்டைக் கொண்டு வந்து போட்டான். 'ஹவ் டு நேம் இட்'. இளையராஜா வார்த்தையே இல்லாமல், வயலினும் மற்ற வாத்தியங்களும் வைத்துச் செய்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருந்தது. முழுசாகக் கேட்டோம். முடிந்த பிறகு அவன், "இது எந்த ஊருடா?" என்று கேட்டான். நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

அதற்கு அப்புறம்தான் எங்கள் பக்கத்துச் சங்கதிகளைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக அந்த மலையில் தோட்டத் தொழிலாளிகள் நடுவே பாடியிருக்கிறார். தோளில் ஆர்மோனியம், முன்னால் கூலிக்காரர் கூட்டம். பர்மிங்ஹாம் பையன்கள் செய்ததும் வேறென்ன? நான் லண்டன் வரைக்கும் காதை நீட்டிக் கொண்டிருந்தேன். கச்சேரி நடந்தது எங்கள் தலைக்கு மேலே.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் அயர்ன் மெய்டன் கச்சேரி. அவன் மகன் அங்கே படித்துக் கொண்டிருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து விட்டான். டெல்லியின் பரிக்ரமா குழு முன்னால் வாசித்தது. அப்புறம் மெய்டன். மூன்று கிடார்களுக்கு அடியில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் குதிரை ஓடுகிற மாதிரி ஓடும். வடகிழக்கில் இருந்து நாள் கணக்கில் ரயிலேறி வந்த பையன்கள் பக்கத்தில் நின்றார்கள். 'ஃபியர் ஆஃப் தி டார்க்' வந்தபோது கிடார் மெட்டையே சொல் இல்லாமல் அத்தனை பேரும் பாடினார்கள். திரும்பிப் பார்க்கிறேன், நம் இளையராஜா ரசிகன் கண்ணை மூடிக் கொண்டு பாடுகிறான்.

ராத்திரி பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், 23 வருஷம் கழித்து, அந்தக் கேசட்டைப் பற்றி அவனே எடுத்தான். கணக்கைக் கேளுங்கள். 'மேட் இன் ஜப்பான்' இரட்டைத் தட்டு. முதல் தட்டு ஏறக்குறைய 36 நிமிஷம். கேசட் பக்கம் 45. அடுத்த பாட்டு கிட்டத்தட்ட பத்து நிமிஷம், அது அடங்காது என்று நான் அதோடு நிறுத்தி விட்டேன். மிச்சம் ஒன்பது நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷத்தில் அப்பத்தா இருக்கிறார்.

மகனை விட்டு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தான். ஒரு காதுக்கு அவன், ஒரு காதுக்கு நான் என்று மாட்டிக் கேட்டோம். முதல் தட்டில் கடைசி உருப்படி 'தி மியூல்'. மியூல் என்றால் கோவேறு கழுதை. நம் மலைக்குப் பொதி சுமந்த உயிர்தான். இயன் பெய்ஸின் டிரம்ஸ் இடி முழங்கி முடிகிறது. டோக்கியோ அரங்கம் கை தட்டுகிறது. ஒரு 'டொக்'. அப்புறம் ஒரு கிழவியின் குரல். பாதி ஒப்பாரியில் இருந்து தொடங்குகிறது. சொல் தேய்ந்து, குரல் மட்டும் மேலே ஏறுகிற இடத்தில் எனக்குக் கிளேர் டோரிதான் ஞாபகம் வந்தார். இரண்டு பேருக்கும் கூலி கம்மி.

"முன்னாடி இருக்கிற அந்த டிரம்ஸை வெட்டிரலாமேடா" என்றேன். "வேணாம்டா. எங்க அப்பத்தாவுக்கு டோக்கியோவே கை தட்டுது, இருக்கட்டும்" என்றான்.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். லண்டனில் ஹாமர்ஸ்மித் ஓடியன் என்று ஓர் அரங்கம். ராக் ரசிகனுக்கு அது மீனாட்சியம்மன் கோயில் மாதிரி. 1973-ல் டேவிட் பொவி தன் சிக்கி ஸ்டார்டஸ்ட் வேஷத்தைக் கலைத்தது அங்கே. 1975 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவீன் பாடியது அங்கே. அயர்ன் மெய்டன் 1982-ல் வாசித்தது அங்கே. இப்போது அதன் பெயர் ஈவென்டிம் அப்பல்லோ. 2025 மார்ச் 8-ம் தேதி அதே அரங்கில் தன் 'வேலியன்ட்' சிம்பனியை அரங்கேற்றியவர் பண்ணைப்புரத்துக்காரர். அன்றைக்கு ராத்திரி அவன் எனக்குப் போன் பண்ணினான். ஒரே கேள்விதான். "என்னடா பெருசா வந்துரப் போகுது?"

இளைய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். பிடித்ததைக் கேளுங்கள், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். நானும் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறேன். ஆனால், கேட்கிற பாட்டை வைத்துப் பக்கத்துக் கட்டில்காரனை அளக்காதீர்கள். அப்புறம், வீட்டில் பழைய கேசட் இருந்தால், என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். அதில் யார் உட்கார்ந்து பாடிக் கொண்டிருக்கிறாரோ.

நம்மவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய ஹாஸ்டல் மெஸ்ஸில் அந்த ஒன்பது நிமிஷத்தையும் போடச் சம்மதித்திருக்கிறான். கைதட்டலில் இருந்து ஆரம்பிக்கும். எல்லோரும் வந்து விடுங்கள்.