கொலாபாவில் பிறந்த படகு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசுவோர் பேசி அமர்ந்துவிட்டனர். இசை பாடுவோர் காத்திருக்கின்றனர். இடையிலே இரயில்வே எழுத்தர் ஒருவர் பாய்மரப் படகைப் பற்றிப் பேச எழுந்தது எற்றுக்கு என்று சிலர் எண்ணக்கூடும். சீத்தா கேம்ப்பில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் இல்லை. கண்டற் காட்டைத் தாண்டினால் தாணே கடற்கழி. நம் பெற்றோர் 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து இவ்விடம் வந்து குடியேறிய நாள்தொட்டு, அக்கழியில் வந்து போகும் படகுகளை நம் குடும்பங்கள் பார்த்தே வருகின்றன. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் உறவினரை உடையோர் தோணியையும் வள்ளத்தையும் அறிவர். ஆயினும், ஒரு படகு நல்ல படகா அன்றா என்று எதைக்கொண்டு அளப்பது? அதைப் பற்றியே இன்று பேசப் புகுந்தோம்.

நாம் எடுத்துக்கொண்ட படகின் பெயர் சுஹைலி. பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றுக்கு அரபு மாலுமிகள் இட்ட பெயர் அது. நீளம் ஏறத்தாழ 32 அடி. அகலம் 11 அடி. நம் சந்தொன்றில் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு வீட்டு வாசலை முழுதும் அடைத்துக்கொண்டு மூன்றாம் வீட்டையும் எட்டிப் பார்க்கும், அவ்வளவே. அது கட்டப்பட்டது அன்று பம்பாய் என வழங்கிய இந்நகரின் கொலாபாவில், 1963-64-ஆம் ஆண்டுகளில். கட்டுவித்தவர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கில இளைஞர். அவர் எழுதிக் கேட்ட வரைபடம் ஒன்று; தபாலில் வந்து சேர்ந்த வரைபடம் வேறொன்று. திருப்பி அனுப்பிக் காத்திருக்க நேரமில்லாமையால், வந்ததை வைத்தே கட்டத் தொடங்கினர்.

அந்தப் படகில் அவர் 1968-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து தன்னந்தனியராகப் புறப்பட்டார். எத்துறையிலும் தங்கவில்லை. ஆப்பிரிக்காவின் தென்முனை, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்காவின் கேப் ஹார்ன் ஆகியவற்றைக் கடந்து, 1969 ஏப்ரல் 22-ஆம் நாள் அதே ஃபால்மத் துறையை அடைந்தார். 312 நாட்கள், 30,000 கடல் மைலுக்கு மேல். ஒருவர் தனியே, நில்லாது, உலகைச் சுற்றி வந்தது அதுவே முதன்முறை. சண்டே டைம்ஸ் பத்திரிகை நடத்திய அப்பந்தயத்தில் இறங்கியோர் ஒன்பதின்மர். முடித்தவர் இவர் ஒருவரே.

வென்ற படகு என்பதனாலேயே அது நல்ல படகாகிவிடுமா? ஆகாது என்பதே நமது கருத்து. குறையையும் நிறையையும் தட்டில் வைத்துப் பார்ப்போம்.

முதற்குறை வேகம். 30,000 மைலை 312 நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 96 மைல்; மணிக்கு 4 கடல் மைல். நம் குர்லா சாலையில் மாலை நேரத்துப் பேருந்துகூட அதனினும் விரைவாகப் போகும்! படகு நீரைக் கிழிக்கையில் தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் மிகுந்தால் அவ்வலையே குன்றாகி அதனை மறிக்கிறது. ஆகவே நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அதன் உச்ச வேகம் ஏறத்தாழக் கிடைக்கும். சுஹைலிக்கு நீர்மட்ட நீளம் 28 அடி. கணக்குப் போட்டால் மணிக்கு 7 கடல் மைல். காற்றில்லாத நாட்களும் எதிர்காற்று நாட்களும் சேர்ந்து அதனைப் பாதிக்குச் சற்று மேலாகக் குறைத்துவிட்டன. 2018-ஆம் ஆண்டு அப்பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, அதே வகையான பழைய அமைப்புள்ள படகுகளை மட்டும் அனுமதித்து மீண்டும் ஒரு பந்தயம் நடத்தினர். 73 வயதான பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் 36 அடிப் படகில் ஏறத்தாழ 212 நாளில் சுற்றி வந்துவிட்டார். நான்கடி நீளமும் ஐம்பதாண்டு அனுபவமும் நூறு நாளை மிச்சப்படுத்தின என்க.

இனி நிறைக்கு வருவோம். காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய முன்னோனின் வழிவந்தவன் எனக் கரிகாலனை வெண்ணிக் குயத்தியார் போற்றியதைப் புறநானூறு படித்தோர் அறிவர். காற்றை எங்ஙனம் ஏவல்கொள்வது? பாயைக் காற்றுத் தள்ளும்போது படகு பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். நீருக்கடியில் உள்ள அடிமரம், தூத்துக்குடித் தோணிக்காரர் ஏரா என்பது, அந்நழுவலைத் தடுக்கும். பக்கம் போக வழியற்ற படகு முன்னே பாயும். காற்று எதிரே வருமாயின் நேரே செல்ல எப்பாய்மரத்தாலும் இயலாது. வலமும் இடமுமாக மாறி மாறிச் சாய்ந்தே ஏறவேண்டும். நம் இரயில்வேயிலும் இதை ஒத்த ஒரு வித்தை இருந்தது. போர்க் கணவாயின் ஏற்றத்தில், கண்டாலா அருகே, 1929 வரை வண்டிகள் ஒரு நிலையத்தில் புகுந்து திசைமாறிப் பின் மேலேறிச் சென்றன. பழைய ஊழியர் இன்றும் அதைக் கதையாகச் சொல்வர்.

சுஹைலியின் ஏரா அணியத்திலிருந்து பின்புறம் வரை நீண்டது. இக்காலப் பந்தயப் படகுகளில் அது மீன்செதிள்போல் குறுகி நடுவிலே தொங்கும். அவை சட்டென்று திரும்பும், விரைந்தோடும். நீண்ட ஏராவோ திரும்புதற்குச் சோம்பும். ஆனால் ஒரு திசையில் விட்டால் அத்திசையை விடாது. இதன் அருமை ஆஸ்திரேலியக் கரையோரம் விளங்கிற்று. சுக்கானைக் காற்றின் திசைக்கேற்பத் தானே இயக்கும் கருவி ஒன்று படகிலே பொருத்தப்பட்டிருந்தது; அங்கே அது பழுதுற்றுப் பயனற்றுப் போயிற்று. தனி மனிதர் உறங்கவேண்டாமா? இரண்டு மரங்களிலும் பாய்களைக் கூட்டியும் குறைத்தும் சமன்செய்து, சுக்கானைக் கட்டிவிட்டு, அவர் உறங்கச் சென்றார். பசிபிக் பெருங்கடல், கேப் ஹார்ன், அட்லாண்டிக் யாவும் கருவியின் துணையின்றியே கடக்கப்பட்டன. விலைப்பட்டியலில் இப்பண்புக்கு இடமில்லை. நம் கணிப்பில் இதுவே சுஹைலியின் தலையாய சிறப்பு.

மற்றொன்று அதன் பின்புறம். முன்னும் பின்னும் ஒன்றேபோல் கூர்மையாக அமைந்தது. நார்வே நாட்டில் புயலில் சிக்கிய மீனவரை மீட்கச் செல்லும் படகுகளுக்குக் கோலின் ஆர்ச்சர் என்பவர் வகுத்த வடிவம் அது. அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920-களில் அதனைச் சிறிதாக்கி வரைந்தார். பின்னிருந்து துரத்திவரும் பேரலை தட்டையான பின்புறத்தை அறைந்து படகைக் குறுக்கே திருப்பிவிடும். கூர்மையான பின்புறமோ அலையைப் பிளந்து இருபுறமும் விடும். தென்கடலில் அது மட்டும் போதவில்லை. நீண்ட கயிறுகளைப் பின்னே இழுத்தவாறு ஓட்டி வேகத்தைக் குறைத்தே அவர் தப்பினார். விரைந்தோடுதற்குப் படகு என்றால், மெல்லச் செல்லக் கயிறு! கடலின் நியாயம் தனி.

எடை மிகுதி என்பது குறையா நிறையா? அப்பந்தயத்தில் மூன்று உடல் கொண்ட இலேசான படகுகளும் ஓடின. நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலர் எடுத்து இரட்டையுடல் படகுக்குச் சூட்டிவிட்டனர்; நம் மீனவர் கட்டிய மரத்திற்கும் அதற்கும் உறவு பெயரளவிலேயே. பல உடல் கொண்டவை பறவைபோல் பறக்கும். கவிழ்ந்தாலோ தாமாக நிமிரமாட்டா. நைஜல் டெட்லி என்பவரின் அத்தகைய படகு உலகைச் சுற்றி முடிக்கும் தறுவாயில், அளவுகடந்து விரட்டப்பட்டு, 1969 மே மாதம் அசோர்ஸ் தீவுகளருகே உடைந்து மூழ்கிற்று. அவர் உயிர் தப்பினார். சுஹைலியின் அடியிலோ இரும்புப் பாரம். அலையடித்துப் பக்கவாட்டில் படுத்தபோதும் அப்பாரம் அதனை மீண்டும் நிமிர்த்திற்று. மேலும், ஓராண்டு உணவையும் நீரையும் சுமந்து செல்லவேண்டிய படகு இலேசாயிருந்து பயன் என்ன?

கட்டுமானத்திலும் குறையுண்டு. புறப்பட்ட சில வாரங்களிலேயே ஏராவை ஒட்டிய பலகை இடுக்குகளில் நீர் கசிந்தது. நடு அட்லாண்டிக்கில், வெளிறிய உடல் சுறாக்களின் கண்ணிற் படாதிருக்கக் கருநிற உடை அணிந்து, மூச்சடக்கி மூழ்கி மூழ்கி, அவர் இடுக்கில் பஞ்சடைத்துக் கலப்பத்துச் செய்தார். அதன்மேல் துணிப்பட்டை வைத்துச் செப்புத் தகடும் அறைந்தார். தென்கடலில் அலையடித்து அறையின் மேற்கட்டும் தளத்தினின்று நெகிழ்ந்தது. இவ்விரண்டும் வரைபடத்தின் பிழையா, இணைப்பின் பிழையா என்று கேட்டால், இணைப்பின் பக்கமே நாம் விரல் நீட்டுவோம். தேக்குப் பலகை தன் கடமையைச் செய்தது.

அத்தேக்கைச் செதுக்கியவர் யாவர்? வாய்ச்சியும், வில்லின் நாணால் சுழற்றும் துரப்பணமும் கொண்டு உழைத்த இந்நாட்டுத் தச்சர்கள். உலகைச் சுற்றியவர் 1995-இல் சர் பட்டம் பெற்றார், பெறட்டும், தகுதியுடையவர். ஆனால் அப்படகைக் கட்டிய தச்சருள் ஒருவரின் பெயரையேனும் இந்த அவையில் சொல்லவல்லார் உண்டோ? இந்நகரில் இத்தொழில் பழையது. வாடியா குடும்பத்தார் 1817-இல் இங்கே தேக்கில் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. அதன் பெயர் டிரின்கோமலி, அதாவது நம் திருகோணமலை! பம்பாயில் பிறந்து தமிழூரின் பெயர் தாங்கிய கப்பல் இருநூறாண்டு கடந்து நிற்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. பிறர் வீட்டுக் கதவும் சன்னலும் செய்து வயிறு வளர்க்கும் தச்சர் இவ்வவையிலும் இருக்கின்றனர். அவர்கள் பொருட்டே இதனைச் சற்று விரித்துரைத்தோம்.

சுஹைலியின் வடிவத்திலேயே கோவாவில் துரியா என்னும் படகு கட்டப்பட்டது. 2018 பந்தயத்தில் அதனைச் செலுத்தியவர் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21 அன்று தென்னிந்தியப் பெருங்கடலில் கடும்புயலில் அதன் பாய்மரங்கள் முறிந்தன. அவர் முதுகெலும்பில் காயமுற்றுப் படுக்கையில் கிடந்தார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பலொன்று வந்து மீட்டது. இதனைக் காட்டி, சுஹைலியின் வெற்றி வெறும் நல்லூழ் என்பாரும் உளர். நாம் ஒப்போம். அதே புயலில் அயர்லாந்து நாட்டவர் ஒருவரின் படகும் மரமிழந்தது; எக்கலமும் தாங்கவொண்ணாக் கடல் உண்டு. மரம் முறிந்தது உண்மை. ஆனால் படகின் உடல் அசைவற்றுக் கிடந்த மனிதரை மூன்று நாள் மூழ்காது ஏந்தி நின்றது அன்றோ? அபிலாஷ் 2022-இல் தொடங்கிய அடுத்த பந்தயத்தில் வேறொரு படகில் சென்று இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் என்னும் தென்னாப்பிரிக்கப் பெண்மணி.

பெண்மக்கள் பேச்சு வந்தமையால் இன்னொன்று. 56 அடி நீளமுள்ள தாரிணி என்னும் கடற்படைப் படகும் கோவாவில் கட்டப்பட்டதே. புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னா என்னும் இரு கடற்படை அதிகாரிகள் அதில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு, நான்கு துறைகளில் தங்கி, உலகைச் சுற்றி, 2025 மே 29-ஆம் நாள் திரும்பினர். தாரிணி சுஹைலியினும் பெரிது, விரைவானது. ஆனால் கரையில் நின்று கற்க விரும்புவோர்க்கு 32 அடிப் படகே நல்ல பாடநூல் என்போம்.

சொல்லால் விளங்காதது கண்ணால் விளங்கும். மேடையின் இடப்புறம் பெரிய நீர்த்தொட்டி ஒன்றும், அதில் சிறு மரப்படகுகள் இரண்டும் வைத்துள்ளோம். ஒன்றுக்கு நீண்ட ஏரா உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. இரண்டுக்கும் பாய் ஒரே அளவுத் துணி. இசை தொடங்குமுன் சிறுவர் சிறுமியர் வரிசையாக வந்து, பக்கவாட்டிலிருந்து விசிறியால் வீசி, எது நழுவுகிறது எது ஓடுகிறது என்று பார்க்கலாம். தொட்டியைக் கவிழ்த்துவிடாதிருக்கத் தாய்மார்கள் அருகில் நிற்குமாறு வேண்டுகிறோம்.