ஞானப்பல்லும் தாடை எலும்பும்

ஞானப்பல் என்னும் பெயரைக் கேட்டு, அது அறிவைத் தரும் என்று எவரும் மயங்குவதில்லை. பிள்ளைப் பருவம் கழிந்து, ஏறக்குறைய 17 வயதுக்குமேல் முளைப்பதால் வந்த பெயர் அது. பலருக்கு இடம் போதாமல் எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடக்கும். இப்படிக் கிடக்கும் பல் கீழ்த்தாடையின் வலிமையைக் குறைக்கிறதா என்பதையே இன்று ஆராய்வோம்.

கீழ்த்தாடை குதிரை லாடம் போல் வளைந்த எலும்பு. அதன் இரு முனைகளும் மேலே திரும்பி மண்டையோட்டோடு பொருந்துகின்றன. காதின் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அம்மூட்டு அசைவதை நேயர்கள் உணரலாம். எலும்பு மேல்நோக்கித் திரும்பும் மூலையில்தான் ஞானப்பல் இருக்கிறது. உத்தரத்தைக் குடைந்து ஆப்புச் செருகினால், ஆப்பு எத்துணைக் கடினமாயினும் உத்தரம் அவ்விடத்தில் மெலிந்ததே அன்றோ? வண்டியிலிருந்து விழுந்தோ குத்துப்பட்டோ தாடை முறிந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் பல, கீழ் ஞானப்பல் உள்ளவர்களுக்கு இம்மூலை முறிவது இரண்டு மூன்று மடங்கு மிகுதி என்று காட்டியுள்ளன.

அப்படியாயின் முன்னதாகவே பிடுங்கிவிடலாமே எனத் தோன்றும். சிக்கல் அங்கேதான். ஞானப்பல் இல்லாதவர்களுக்கு, மூட்டின் அடியிலுள்ள மெல்லிய கழுத்து முறிவது மிகுதி என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. மூலையைப் பிளந்து ஓய வேண்டிய விசை மேலே ஏறிவிடுகிறது. மூலை முறிவைத் தகடும் திருகாணியும் கொண்டு பொருத்தலாம். கழுத்தருகிலோ முக நரம்பு செல்வதால் அறுவை கடினம். சிலருக்கு வாய் திறப்பதும் குறைந்துவிடும். அடிபடுவோம் என்ற அச்சம் ஒன்றுக்காக நல்ல பல்லை இழப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. நோயற்ற ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்றே இங்கிலாந்தில் 2000-இல் வகுக்கப்பட்ட வழிகாட்டுதலும் கூறிற்று. சொத்தை, அடிக்கடி ஈறு வீங்குதல், நீர்க்கட்டி ஆகியவை வேறு. குத்துச்சண்டை பயில்வோர் மருத்துவரோடு தனியே கலந்து முடிவு செய்தல் நன்று.

பல்லை எடுத்துக்கொண்டவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் செல்லும். அரிதாக, இரண்டாம் மூன்றாம் வாரத்தில், வலி தீர்ந்ததென்று முறுக்கைக் கடிக்கையில் தாடை முறிவதுண்டு. நாற்பதைக் கடந்த ஆண்களிடமே இது பெரும்பாலும் காணப்படுகிறது. நான்கு வாரமேனும் குழைந்த சோறும் இட்லியும் போதும். மெல்லும்போது 'டக்'கென்ற ஓசை கேட்டாலோ, பல்வரிசை முன்போல் பொருந்தாவிட்டாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள்.