குதிரைத் திறனும் சிவப்புக் கோடும்

புணேயில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கலும் தீபாவளியும் நெருங்கும்போது ஒரு கவலை பிறந்துவிடும். ரயிலில் இடம் கிடைக்குமா என்பதே அது. கிடைக்காதவர்கள் பலர் சொந்தக் காரிலேயே சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாக ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். மும்பையில் உள்ள உறவினர் வீட்டு விசேஷங்களுக்கோ கண்டாலாவின் மலைச்சரிவில் இறங்கித்தான் போகவேண்டும். இந்த இரண்டு திசைகளிலும் மலைப்பாதையைத் தவிர்க்க இயலாத ஊர் இது. ஆகவே வண்டியின் எஞ்சின் எவ்வளவு வலியது, அதை எதுவரை விரட்டலாம் என்ற இரண்டையும் அறிந்துகொள்வது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

நாம் இதை அறிந்துகொள்ள நேர்ந்ததே ஒரு பெரியவரால்தான். அடுத்த வீட்டுக்காரர், வேலூர்ப் பக்கத்தவர், கிர்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் லேத் யந்திரத்தின் முன் நின்று ஓய்வு பெற்றவர். நாம் கார் வாங்கிய அன்று, சந்தனமும் குங்குமமும் உலரும் முன்பே, வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“தம்பி, வண்டி எத்தனை குதிரை?” என்றார்.

“எழுபத்தைந்து, ஐயா.”

“எத்தனை சுற்றில்?”

நம்மிடம் விடை இல்லை. விற்பனைத் தாளில் அதுவும் அச்சாகியிருந்தது, நாம்தான் படிக்கவில்லை. “அப்படியானால் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர். சொற்களை நிறுத்துப் பார்ப்பதே தொழில். விசை வேறு, ஆற்றல் வேறு, திறன் வேறு என்று பள்ளிப் புத்தகங்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டுகின்றன. கலைப் பட்டம் பெற்ற நம்மைப் போன்றோர் மூன்றையும் ‘பவர்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

கவலை இறைக்கும் கிணற்றை நினைத்துக்கொள்வோம். மாடுகள் கயிற்றை இழுப்பது விசை. எழுபத்தைந்து கிலோ எடையுள்ள சாலை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், அந்த வேலையின் வேகம் ஒரு குதிரைத் திறன். இது மெட்ரிக் அளவு. ஜேம்ஸ் வாட் வகுத்த ஆங்கிலக் குதிரை இதைவிடச் சற்றே பெரியது. ஒரே பளுவை இரு மடங்கு விரைவாக இறைத்தால் திறன் இரு மடங்காகும். எஞ்சினிலும் கணக்கு இதுவே. சுழல்தண்டு எவ்வளவு வலிவாகத் திருகுகிறது என்பது முறுக்கு விசை. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது வேகம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன். எனவே சுற்றைச் சொல்லாமல் குதிரையை மட்டும் சொல்வது, விலையைச் சொல்லிவிட்டு அது படிக்கா மரக்காலுக்கா என்று சொல்லாமல் விடுவது போன்றது.

நமது வண்டியில் இருப்பது 1,248 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின். இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தாரின் படைப்பு. புணே மாவட்டத்து ராஞ்சண்காவ் ஆலையிலும் உருவாயிற்று. பல நிறுவனங்களின் கார்களில் அது குடிபுகுந்தது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது நம் நாட்டில் அதன் காலம் முடிந்தது. ஆயினும் அது பூட்டிய வண்டிகள் இன்னும் சாலைகளில் ஏராளமாக ஓடுகின்றன. அதன் 75 குதிரைத் திறன் கிடைப்பது நிமிஷத்துக்கு 4,000 சுற்றில். ஆனால் அதன் மிக உயர்ந்த முறுக்கு விசையான 190 நியூட்டன் மீட்டரோ சுமார் 2,000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. பெருக்கிப் பார்த்தால் 2,000 சுற்றில் ஏறக்குறைய 54 குதிரை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதற்குமேல் சுற்றை இரு மடங்காக்கினால் கூடுவது இருபத்தொரு குதிரைதான். 4,000-ஐத் தாண்டி அழுத்தினால் கிடைப்பது இரைச்சலும் எண்ணெய்ச் செலவும். திறன் கூடுவதில்லை, குறையவே செய்யும். மேட்டில் ஏறும்போது எஞ்சினை அலறவிட்டால்தான் வண்டி இழுக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் எஞ்சினின் குணம் வேறு. பழைய மாருதி 800-இன் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின், பிற்காலத்து வடிவில், 5,000 சுற்றில் 37 குதிரை தந்தது. 2,500 சுற்றில் சுமார் 21 குதிரையே கிடைத்தது. அதனிடம் வேலை வாங்கவேண்டுமானால் சுற்ற விடத்தான் வேண்டும். சிறிய பெட்ரோல் வண்டியைத் தாழ்ந்த சுற்றில் உயர்ந்த கியரில் திணறத் திணற மலையேற்றுவது, சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் கொடுமை.

குதிரைகளின் எண்ணிக்கை எங்கே அளக்கப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். எஞ்சினைத் தனியே ஒரு மேடையில் பூட்டி, சுழலும் தண்டை ஒரு தடுப்புக் கருவியால் பிடித்து, எவ்வளவு பிடித்தால் அது எவ்வளவு சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். ‘பிரேக் குதிரைத் திறன்’ என்ற பெயர் இந்தத் தடுப்பிலிருந்து வந்ததே. நாம் காலால் மிதிக்கும் பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இத்தகைய சோதனைகள் நடக்கும் இடங்களுள் ஒன்று நம் ஊரிலேயே, கோத்ரூடை அடுத்த வேதாள் குன்றின்மேல் இருக்கிறது: 1966-இல் ஏற்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம். மேடையில் அளந்த திறன் முழுதும் சக்கரத்துக்கு வந்து சேராது. கியர்ப் பெட்டியும் பல்சக்கரங்களும் வழியில் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். புணேயோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று இங்கே சற்று மெலிந்திருப்பதால், டர்போ இல்லாத எஞ்சின் சென்னையில் தருவதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு போலக் குறைவாகவே தரும். டர்போ உள்ள எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளிக்கொள்வதால் இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். டர்போவின் பயனைப் பிம்பிரி ஆலையின் இண்டிகாவோடு ஒப்பிட்டாலும் காணலாம். 1998-இல் வெளிவந்த அந்தக் காரின் முதல் டீசல் எஞ்சின் 1,405 கன சென்டிமீட்டர் கொண்டது. டர்போ இல்லாததால் ஐம்பதைச் சற்றுத் தாண்டிய குதிரைகளையே தந்தது.

இனி, சுற்றுமானியில் காணும் சிவப்புக் கோடு. இது திறனைப் பற்றியது அன்று. உலோகம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியது. பிஸ்டன் மேலே போகிறது, நிற்கிறது, கீழே வருகிறது, மறுபடி நிற்கிறது. மாருதி 800-இல் அது ஒரு வீச்சில் நகரும் தூரம் 72 மில்லிமீட்டர், நான்கு விரற்கடை. 6,000 சுற்றில் இந்தப் போக்குவரத்து ஒரு வினாடிக்கு நூறு முறை நடக்கிறது. உச்சியில் திரும்பும் கணத்தில் பிஸ்டன்மீது செயற்படும் இழுப்பு அதன் சொந்த எடையைப்போல் ஆயிரத்தைந்நூறு மடங்கைத் தாண்டிவிடும். அவ்வளவையும் தாங்குபவை ஓர் இணைப்புத் தண்டும் இரண்டு போல்ட்டுகளும். மேலும் இந்த இழுப்பு சுற்றோடு சேர்ந்து நேராக வளர்வதில்லை. சுற்றின் வர்க்கமாக வளர்கிறது. 5,000 சுற்று 7,000 ஆனால் வேகம் நூற்றுக்கு நாற்பதுதான் கூடியது. இழுப்போ ஏறக்குறைய இரு மடங்காகிறது. வால்வுகளுக்கும் இதே கதி. அவற்றை மூடும் ஸ்பிரிங்குகள் ஓர் எல்லைக்குமேல் ஈடுகொடுக்க மாட்டா. மூடவேண்டிய வால்வு திறந்தபடி நிற்க, மேலே வரும் பிஸ்டன் அதன்மீது மோதும். அதன்பின் வண்டி ஊர்வது கயிற்றில் கட்டித்தான்.

“இக்காலத்து வண்டிகளில் மின்னணு மூளை இருக்கிறதே, எல்லை தாண்டினால் எரிபொருளைத் தானே நிறுத்திவிடுமே” என்று நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். கால் எவ்வளவு அழுத்தினாலும் அது எஞ்சினைக் காக்கும். ஆனால் எஞ்சினைச் சுற்றுவது கால் மட்டும் அன்று. இறக்கத்தில் சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுகின்றன. நான்காவது கியரில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் 2,800 சுற்றில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதுக்குப் போக எண்ணிய கை தவறி இரண்டாவதில் விழுந்தால், அந்தக் கியரின் விகிதம் சுமார் இரு மடங்கு என்பதால், கிளச்சை விட்டவுடன் எஞ்சின் 5,600 சுற்றுக்கு இழுக்கப்படும். டீசல் எஞ்சினுக்கு அது சிவப்புக் கோட்டுக்கு அப்பால். மூளை எரிபொருளை நிறுத்தியும் பயனில்லை. மலையே அல்லவா சுற்றுகிறது!

இதற்கு அஞ்சிக் கியரை மாற்றாமலே, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவோரும் உண்டு. நாமும் ஒருமுறை அப்படித்தான் இறங்கினோம். கண்டாலாவிலிருந்து கோபோலி வருவதற்குள் சாலை ஆயிரத்தைந்நூறு அடிக்கு மேல் இறங்குகிறது. பாதி வழியிலேயே கருகிய நாற்றம். மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. பின் ஆசனத்தில் இரண்டு குழந்தைகளும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று ஓரமாக நிறுத்த ஓர் இடம் கிடைத்தது. அரை மணி நேரம் சக்கரங்கள் ஆறும்வரை பேச்சின்றி நின்றோம்.

அடுத்த பயணத்தில் பெரியவரும் உடன் வந்தார். லோனாவலா தாண்டியதும், இறக்கம் தொடங்கு முன்பே, வேகத்தை முதலில் பிரேக்கால் நாற்பதுக்குக் குறைக்கச் சொன்னார். “இப்பொழுது மூன்றாவது போடுங்கள், தம்பி. கிளச்சை மெதுவாக விடுங்கள். முள்ளைப் பாருங்கள்.” முள் 2,000-ஐச் சற்றுத் தாண்டி நின்றது. காலை எடுத்துவிட்டோம். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கிற்று. வேகம் கூடும் வளைவுகளில் மட்டும் பிரேக்கைச் சற்றுத் தொட்டோம். செங்குத்தான ஓரிடத்தில் மறுபடி வேகம் குறைத்த பிறகே இரண்டாவதுக்குப் போகவிட்டார். எஞ்சின் சற்று உரக்கப் பேசியது. முள் 3,000-ஐத் தொடவில்லை. “இந்தச் சத்தம் அதற்கு வலி அல்ல, வேலை” என்றார்.

கோபோலியில் தேநீருக்கு நிறுத்தியபோது, அவர் குனிந்து முன் சக்கரத்தருகே கையை நீட்டிச் சூட்டைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நமக்கும் சேர்த்து இரண்டு வடாபாவ் சொன்னார்.