சர்டிபிகேட் இருக்கு, கிரெடிட் எங்க?

மதுரை பக்கம் ஒரு காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சேன். ஆசை கம்ப்யூட்டர் மேல. அதனால என்பிடெல்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் மாதிரி மூணு கோர்ஸ் முடிச்சேன். 12 வாரம், தலா 3 கிரெடிட். பரீட்சையும் சென்டருக்கு நேர்ல போய்தான் எழுதினேன்.

அப்புறம் வெளிநாட்டுல எம்எஸ்க்கு அப்ளை பண்ணேன். "இந்தப் பாடங்கள் உங்க மார்க் ஷீட்ல இல்லையே"னு பதில் வந்தது. சீட் கிடைக்கல.

தப்பு என்னுதுதான். என்பிடெல் தர்றது சர்டிபிகேட். அதை டிகிரிக்குள்ள கிரெடிட்டா சேர்க்குறது நம்ம காலேஜ். 2016 யுஜிசி விதியில ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 20 சதவீதம் வரை ஸ்வயம்ல படிக்கலாம்னு இருந்தது. 2021ல அது 40 ஆச்சு. ஆனா எந்தக் கோர்ஸ்னு காலேஜ் முன்னாடியே ஒத்துக்கணும். நான் எல்லாம் முடிச்சிட்டுப் போய் நின்னேன்.

இப்ப அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்திருக்கு. அதுல கிரெடிட் அதிகபட்சம் 7 வருஷம் செல்லும். இருந்தாலும், கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி எச்ஓடியைப் பாருங்க. ஒப்புதலை எழுத்துல வாங்குங்க. மார்க் ஷீட் வந்ததும் அந்தப் பாடத்தோட பேர் இருக்கானு முதல்ல தேடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.